சிதறும் மனிதன்: ஆகஸ்ட் ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் சோதனைகள்

ஆஸ்திரியாவில் டானூப் ஆற்றங்கரையில் டோர்னாக் என்றொரு சிற்றூர். 1893-94இல் அங்கே மனைவியின் தாத்தா வீட்டுப் பண்ணையில் தங்கியிருந்த ஸ்வீடிஷ் எழுத்தாளர் ஒருவர், இரவு நேரத்தில் ஒளிப்படத் தகடுகளை எடுத்துப்போய் வெட்டவெளியில் வானம் பார்க்க வைத்தார். கேமரா கிடையாது, லென்ஸும் கிடையாது. மனிதக் கண்ணைப் போலவே லென்ஸும் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. தகட்டைக் கழுவியபோது கருமையில் ஆயிரம் புள்ளிகள் தெரிந்தன. நட்சத்திரங்களே வந்து பதிந்துவிட்டன என்று நம்பி, பாரிஸில் வானியலாளர் கமீல் ஃபிளமாரியோனின் வானியல் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். அந்தப் புள்ளிகள் தூசியாலும் ரசாயன மாற்றத்தாலும் உண்டானவை. ஆனாலும் அவற்றைப் பார்ப்பவர்களுக்கு இன்றும் வானம்தான் தெரிகிறது. ஸ்டாக்ஹோம் ராயல் நூலகத்தில் அவை பாதுகாப்பாக இருக்கின்றன.

அந்த எழுத்தாளர் ஆகஸ்ட் ஸ்ட்ரிண்ட்பெர்க் (1849–1912). அறுபதுக்கு மேற்பட்ட நாடகங்கள், நாவல்கள், சிறுகதைகள், தன்வரலாறுகள், கவிதைகள், வரலாற்று நூல்கள், ரசாயனக் கட்டுரைகள், ஆயிரக்கணக்கில் கடிதங்கள். ஸ்வீடனில் வெளிவந்த இவரது முழுத் தொகுப்பு 72 தொகுதிகள். இத்தனையையும் ஒழுங்குபடுத்த இலக்கிய வரலாற்றாசிரியர்கள் ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். 1894 முதல் 1896 வரை பாரிஸில் அவருக்கு ஏற்பட்ட மனநெருக்கடியை நடுவில் ஒரு கோடாகப் போட்டு, அதற்கு முன்னால் யதார்த்தவாதி, பின்னால் கனவுவாதி என்று இரண்டாக வகுத்துவிடுவது. பாடப்புத்தகத்துக்கு வசதியான பிரிவினை. ஆனால் படைப்புகளை வரிசையாகப் படித்தால் அந்தக் கோடு நிற்கவில்லை. ‘நான்’ என்று உறுதியாக ஒருவர் உண்டா என்ற ஒரே சந்தேகத்தைத்தான் அவர் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வெவ்வேறு பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சிப் பார்த்திருக்கிறார். டோர்னாக் தகடுகளும் அந்தச் சோதனையில் ஒரு பகுதியே.

சந்தேகத்துக்குப் பிறப்பிலேயே காரணம் இருந்தது. தந்தை நீராவிக் கப்பல் போக்குவரத்து முகவர். கொஞ்சம் குலப்பெருமை உள்ளவர். தாய் வீட்டு வேலையும் உணவக வேலையும் பார்த்தவர். ஆகஸ்ட் பிறப்பதற்குச் சற்று முன்புதான் அவர்களுக்குத் திருமணம் நடந்தது. நான்கு வயதில் குடும்பம் திவாலானதைப் பார்த்தார். பதின்மூன்று வயதில் தாயை இழந்தார். ஓராண்டுக்குள் வீட்டுப் பணியாளர் ஒருவர் சிற்றன்னையானார். மேல்வர்க்கமா கீழ்வர்க்கமா என்ற கேள்விக்கு அவரால் கடைசிவரை விடை சொல்ல முடியவில்லை. 1886இல் தன்வரலாற்று நாவல் எழுதியபோது அதற்கு ‘பணிப்பெண்ணின் மகன்’ என்று தலைப்பு வைத்தார். அதில் ‘நான்’ வராது. யொஹான் என்ற ஒருவனைப் பற்றி மூன்றாம் மனிதரைப்போல எழுதியிருப்பார்.

உப்சாலா பல்கலைக்கழகத்தில் விட்டுவிட்டுப் படித்தார், பட்டம் பெறவில்லை. நடிகராக முயன்று தோற்றார். 1872இல், இருபத்து மூன்று வயதில், ‘மாஸ்டர் ஓலோஃப்’ என்ற வரலாற்று நாடகத்தை எழுதினார். ஸ்வீடனில் மதச் சீர்திருத்தம் கொண்டுவந்த ஓலாவுஸ் பெட்ரியைத் தயங்குகிறவராகவும் கடைசியில் பணிந்துபோகிறவராகவும் காட்டிய நாடகம். அரச நாடக அரங்கு அதை ஏற்க மறுத்தது. திருத்தி எழுதினார், மறுபடி எழுதினார். மேடையேற 1881 டிசம்பர் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் ராயல் நூலகத்தில் உதவியாளர் வேலை. அங்கே சீன நூல்களைப் பட்டியலிடுவதற்காகச் சீன மொழி கற்றுக்கொண்டார். எதை எடுத்தாலும் அடிவரை போகிற குணம் அப்போதே தெரிகிறது.

1879இல் வந்த ‘சிவப்பு அறை’ நாவல்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. நவீன ஸ்வீடிஷ் நாவல் இதிலிருந்து தொடங்குகிறது என்பது பொதுவான மதிப்பீடு. ஆர்விட் ஃபால்க் என்ற இளைஞன் அரசு வேலையை உதறிவிட்டு எழுத்தாளனாகப் பார்க்கிறான். அவன் விட்டுவந்த அலுவலகம் அரசு அதிகாரிகளுக்குச் சம்பளம் பட்டுவாடா செய்வதற்காக மட்டுமே இருக்கும் ஒரு வாரியம். பணியாட்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், அதிகாரிகள் வருவதே இல்லை. இந்த அத்தியாயத்தைப் படிக்கும் எந்த நாட்டு வாசகருக்கும் விளக்கவுரை தேவைப்படாது. பத்திரிகை, நாடகக் கொட்டகை, காப்பீட்டு நிறுவனம், நாடாளுமன்றம், பதிப்பகம் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஃபால்க் போகிறான். ஒவ்வொன்றும் அவனை வேறு ஆளாக மாற்றி அனுப்புகிறது. மையக் கதை என்று ஒன்று இல்லை. அக்கால விமர்சகர்கள் இதைக் குறையாகக் கண்டார்கள். மையம் இல்லாத மனிதனைச் சொல்ல வேறு எந்த வடிவம் பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை.

1884இல் வெளிவந்த ‘திருமண வாழ்க்கை’ சிறுகதைத் தொகுப்பு அவரை நீதிமன்றத்தில் நிறுத்தியது. தேவாலயத்து நற்கருணைச் சடங்கைக் கேலி செய்ததாகத் தெய்வநிந்தனை வழக்கு. சுவிட்சர்லாந்திலிருந்து வந்து குற்றக்கூண்டில் நின்றார், நவம்பர் 17 அன்று விடுதலையானார். ஸ்டாக்ஹோம் இளைஞர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அந்த வழக்கு அவரை உலுக்கிவிட்டது. அந்தத் தொகுப்பின் முன்னுரையில் பெண்களுக்குச் சமகல்வியும் வாக்குரிமையும் வேண்டும் என்று பட்டியல் போட்டவர், இரண்டே ஆண்டில் வந்த இரண்டாம் தொகுதியில் பெண்கள் மேல் வெறுப்பை அள்ளிக் கொட்டினார். அவரது பெண்வெறுப்பை மழுப்ப முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் எழுதிய யூத வெறுப்புப் பக்கங்களையும் மழுப்ப முடியாது. இரண்டும் அச்சில் இருக்கின்றன.

ஆனால் மேடைக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. ‘தந்தை’ (1887) நாடகத்தில் குதிரைப்படைத் தலைவர் ஒருவருக்கும் அவர் மனைவி லாராவுக்கும் மகளை எப்படி வளர்ப்பது என்று தகராறு. சட்டப்படி குழந்தைமேல் தாய்க்கு எந்த உரிமையும் இல்லை என்று கணவரே அவளுக்கு விளக்கிச் சொல்கிறார். அப்படியென்றால் குழந்தை உன்னுடையதுதானா என்று சந்தேகத்தை மட்டும் கிளப்பிவிட்டால் போதுமே என்று லாரா கண்டுகொள்கிறாள். சட்டம் அவளுக்கு விட்டுவைத்த ஒரே ஆயுதம் அது. நாடகத்தை எழுதியவர் கணவர் பக்கம். நாடகத்தின் தர்க்கமோ லாராவின் பக்கமும் நிற்கிறது. கட்டுரை எழுதும்போது வராத நியாயம் வசனம் எழுதும்போது அவருக்கு வந்துவிடுகிறது, ஏனென்றால் அவரால் ஒரே ஆளாக நீண்ட நேரம் இருக்க முடியாது.

இந்த இடத்தில்தான் ‘மிஸ் ஜூலி’. 1888 கோடையில் டென்மார்க்கில் ஒரு பழைய மாளிகையில் குடியிருந்தபோது சில வாரங்களில் எழுதி முடித்தார். நடுக்கோடைத் திருவிழா இரவு. பிரபுவின் வீட்டுச் சமையலறை. பிரபுவின் மகள் ஜூலி, பணியாள் ஷான், சமையல்காரி கிறிஸ்டின். மூன்றே பாத்திரங்கள், இடைவேளை கிடையாது. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஜூலி ஷானுடன் உறவுகொள்கிறாள், ஓடிப்போகத் திட்டமிடுகிறாள், கடைசியில் கையில் சவரக்கத்தியுடன் வெளியே போகிறாள். பிரபு மேடைக்கு வருவதே இல்லை. அவருடைய பூட்ஸும் அவர் அழைக்கும் மணியும் மட்டும் இருக்கின்றன. மணி ஒலித்ததும், சற்று முன்வரை ஆண்மை பேசிய ஷான் பழைய வேலைக்காரனாகக் கூனிவிடுகிறான். மேடையில் வராத ஒருவர் எல்லோரையும் இப்படி ஆட்டிவைப்பதற்கு அதற்கு முன் நாடகத்தில் ஈடு சொல்வது கடினம்.

நாடகத்தைவிட அதன் முன்னுரை அதிகம் பேசப்பட்டது, தகுதியோடுதான். ஜூலியின் வீழ்ச்சிக்கு ஒரே காரணம் சொல்ல மறுக்கிறார் ஸ்ட்ரிண்ட்பெர்க். தாயின் குணம், தந்தை வளர்த்த விதம், நிச்சயிக்கப்பட்டவனின் பாதிப்பு, திருவிழா இரவு, தந்தை ஊரில் இல்லாதது, மாதவிடாய், நடனம், பூக்களின் மணம், தற்செயலாக இருவரும் ஓர் அறையில் தனியே அகப்பட்டது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கஞ்சன் என்றால் எப்போதும் கஞ்சன், குடிகாரன் என்றால் எப்போதும் குடிகாரன் என்று எழுதப்படும் பாத்திரங்கள் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. தன் மாந்தர்கள் பழைய காலத்துத் துண்டும் புதிய காலத்துத் துண்டும், புத்தகத்திலிருந்தும் செய்தித்தாளிலிருந்தும் கிழித்தெடுத்த துணுக்குகளும் சேர்த்துத் தைத்தவர்கள் என்கிறார். மனநெருக்கடிக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், யதார்த்தவாதத்தின் உச்சம் என்று சொல்லப்படும் நாடகத்தின் முகப்பிலேயே, மனிதர் ஒருவரல்லர் என்று எழுதியாகிவிட்டது.

மேடை பற்றி அந்த முன்னுரை கேட்டவையும் சாமானியமானவை அல்ல. திரையில் தீட்டிய பாத்திரபண்டங்கள் வேண்டாம், நிஜமான அடுப்பும் சட்டியும் வேண்டும். நடிகர் முகத்தைக் கீழிருந்து விகாரப்படுத்தும் முன்விளக்குகள் வேண்டாம், பக்கவாட்டு ஒளி போதும். ஒப்பனை குறைய வேண்டும். இசைக்குழு கண்ணில் படக்கூடாது. சின்ன மேடை, சின்ன அரங்கு.

பதிப்பாளர் பொன்னியெர் இந்த நாடகத்தை வெளியிட மறுத்தார். வேறொருவர் வெட்டி வெளியிட்டார். கோபன்ஹேகனில் ஸ்ட்ரிண்ட்பெர்க் சொந்தமாக ஒரு சோதனை நாடக அரங்கு தொடங்கி அதை மேடையேற்றப் பார்க்க, தணிக்கை அதிகாரி தடை போட்டார். 1889 மார்ச் 14 அன்று மாணவர் சங்கக் கூடத்தில் அழைக்கப்பட்டவர்கள் முன்பு நாடகம் நடந்தது. ஜூலியாக நடித்தவர் அவருடைய முதல் மனைவி சிரி வான் எஸ்ஸன். அவர்கள் மணவாழ்வு அப்போது உடைந்துகொண்டிருந்தது. இரண்டே ஆண்டில் விவாகரத்தும் ஆயிற்று. நாடகக் குழுவும் உடனே கலைந்தது. நான்கு ஆண்டு கழித்துப் பாரிஸில் இயக்குநர் ஆந்த்வானின் சுதந்திர அரங்கு ‘மிஸ் ஜூலி’யை மேடையேற்றியது. ஸ்வீடன் அதைப் பார்க்க 1906 வரை காத்திருந்தது. பிரிட்டனில் பொது மேடைக்கு அனுமதி கிடைக்க 1939 ஆயிற்று.

அதே காலத்தில் எழுதிய ‘வலியவள்’ பதினைந்து நிமிட நாடகம். உணவகத்தில் இரண்டு நடிகைகள் சந்திக்கிறார்கள். ஒருத்தி மட்டுமே பேசுகிறாள், மற்றவள் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. பேசப் பேசத்தான், எதிரே இருப்பவள் தன் கணவனுக்கு என்னவாக இருந்தாள் என்று அவளுக்கே விளங்குகிறது. பேசுகிறவள் வென்றாளா, மௌனமாக இருந்தவள் வென்றாளா என்று ஒவ்வொரு தயாரிப்பும் வேறு விடை சொல்கிறது. பிரெஞ்சில் எழுதிய ‘ஒரு பைத்தியக்காரனின் வாதம்’ நாவலையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். மனைவி துரோகி என்று நிரூபிக்கக் கணவன் எழுதும் வாக்குமூலம் அது. அவன் ஆதாரம் சேர்க்கச் சேர்க்க, வாசகருக்கு அவன் மேல்தான் சந்தேகம் வளர்கிறது. சிரியை நோகடிக்க எழுதிய நூல் என்பதில் ஐயமில்லை. எழுதியவரையும் அது விட்டுவைக்கவில்லை.

1892இல் பெர்லின் போனார். ‘கறுப்புப் பன்றிக்குட்டி’ என்று அவர்கள் பெயரிட்ட மதுக்கடையில் ஓவியர் எட்வர்ட் மூங்க், போலந்து எழுத்தாளர் ஷிபிஷெவ்ஸ்கி ஆகியோரோடு நட்பு, பகை, மறுபடி நட்பு. ஆஸ்திரியப் பத்திரிகையாளர் ஃபிரிடா ஊலுடன் இரண்டாவது திருமணம். அதுவும் நிலைக்கவில்லை. 1894இல் பாரிஸ்.

அந்த ஆண்டு நவம்பரில் ஒரு பிரெஞ்சு இதழில் கலைப் படைப்பில் தற்செயலின் பங்கு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு சில பக்கங்கள்தான். எதை வரைகிறோம் என்று முடிவு செய்யாமல் தட்டுக்கத்தியால் வண்ணத்தை அப்பிக்கொண்டே போவது. எங்கோ ஓர் உருவம் தலைகாட்டும்போது அதைத் தொடர்வது. பார்ப்பவர் அதில் வேறொன்றைக் கண்டால் அதுவும் சரியே. இயற்கை படைப்பது போலப் படைக்க வேண்டும் என்பது சாரம். சர்ரியலிஸ்டுகள் இதே பாதைக்கு வர இன்னும் முப்பது ஆண்டு இருந்தது. அப்படி அவர் தீட்டிய ஓவியங்களில் ‘அதிசய உலகம்’ ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பால் காகின் தன் ஓவிய ஏலத்துக்கு முன்னுரை கேட்டபோது, உங்கள் ஓவியம் எனக்குப் புரியவும் இல்லை பிடிக்கவும் இல்லை என்று மறுத்து நீண்ட கடிதம் எழுதினார் ஸ்ட்ரிண்ட்பெர்க். காகின் அந்தக் கடிதத்தையே முன்னுரையாக அச்சிட்டுவிட்டார்.

ரசாயனமும் கூடவே நடந்தது. தனிமங்கள் தனித்தனி அல்ல, எல்லாம் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்று நிரூபிக்கக் கந்தகத்தை எரித்தார். கைகள் வெந்து 1895 ஜனவரியில் செயிண்ட் லூயி மருத்துவமனையில் படுத்தார். பிறகு பொன் செய்யும் முயற்சி, தங்கும் விடுதியின் பக்கத்து அறையிலிருந்து மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப் பார்க்கிறார்கள் என்ற அச்சம், ஸ்வீடன்போர்க்கின் ஆன்மிக நூல்களில் கிடைத்த ஆறுதல். எல்லாவற்றையும் 1897இல் ‘இன்ஃபெர்னோ’ என்ற நூலாகப் பிரெஞ்சில் எழுதினார். அதை மருத்துவக் குறிப்பாகப் படித்தவர்கள் உண்டு. வாழ்க்கை வரலாறு எழுதிய ஓலோஃப் லாகர்கிரான்ட்ஸ், அதில் ஒரு பங்கு நாடகம் என்று கருதினார். தன்னையே எலியாக வைத்துச் சோதித்தார் என்று. வேதனை பொய்யல்ல என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வேதனைக்கு நடுவிலும் குறிப்பேட்டை மூடாதவர் அவர்.

பொன் கிடைக்கவில்லை. ஒரு பொருள் இன்னொன்றாக மாறும் என்ற அந்த நம்பிக்கை ஆய்வுக்கூடத்தில் தோற்று மேடையில் பலித்தது. ‘டமாஸ்கஸை நோக்கி’ முதல் பாகம் (1898) அதன் தொடக்கம். பாத்திரங்களுக்குப் பெயர் இல்லை. அந்நியன், பெண்மணி, பிச்சைக்காரன், மருத்துவர். அந்நியன் தெருமுனையிலிருந்து புறப்பட்டு எட்டுக் காட்சிகள் கடந்து ஒரு மனநலக் காப்பகத்தை அடைகிறான். அங்கிருந்து அதே எட்டு இடங்கள் தலைகீழ் வரிசையில் திரும்பி வர, கடைசியில் அதே தெருமுனை. சந்திக்கிறவர்கள் எல்லாரும் அவனுடைய ஒவ்வொரு துண்டுபோல இருக்கிறார்கள். 1900இல் ஸ்டாக்ஹோமில் மேடையேறியபோது பெண்மணியாக நடித்த ஹாரியட் பொஸ்ஸே மறு ஆண்டு அவருடைய மூன்றாவது மனைவியானார். அதுவும் 1904இல் முறிந்தது.

1901இல் எழுதிய ‘கனவு நாடகம்’ அவருடைய மிகப் பெரிய சாதனை. இந்திரனின் மகள் மனிதர்களின் முறையீடு நியாயம்தானா என்று பார்க்கப் பூமிக்கு இறங்கி வருகிறாள். அந்த ஆண்டு இந்திய சமயங்களைப் பற்றிப் படித்திருந்தார். உலகம் ஒரு மாயத்தோற்றம் என்ற கருத்து அவரைப் பிடித்துக்கொண்டது. நமக்குத் தெரிந்த இந்திரனை அங்கே தேடினால் ஏமாற்றம்தான். வச்சிராயுதமும் இல்லை, அகலிகையும் இல்லை. ஏறக்குறைய கிறிஸ்துவத் தந்தைக் கடவுளின் இருக்கையில் இந்திரன் என்ற பெயர்ப்பலகை. ஆனால் மகளுக்கு நேர்வது அந்தக் குறையை மறக்கச் செய்கிறது. அவள் ஏழைகளுக்கு வாதாடும் வழக்கறிஞரை மணக்கிறாள். குளிருக்குப் பயந்து வேலைக்காரி ஜன்னல் இடுக்குகளையெல்லாம் காகிதம் ஒட்டி அடைத்துக்கொண்டே இருக்கிறாள். மகளுக்கோ மூச்சு முட்டுகிறது. சிக்கனம், முட்டைக்கோஸ் வாசம், குழந்தை அழுகை. இரண்டு நல்லவர்கள் ஒருவரையொருவர் வதைத்துக்கொள்ளும் இல்லறத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதாக நினைவில்லை.

மேடையில் ஒரே மரம் தொப்பி மாட்டும் தாங்கியாகிறது, பிறகு மெழுகுவர்த்தித் தண்டாகிறது. நாடக அரங்கின் பின்வாசலில் விக்டோரியா என்ற பெண்ணுக்காகப் பூங்கொத்தோடு காத்திருக்கும் ராணுவ அதிகாரி அங்கேயே கிழவனாகிறார். பூங்கொத்து வாடி வெறும் குச்சியாகிறது. பிறகு அவரே பள்ளிப் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டை இரண்டால் பெருக்கினால் எத்தனை என்று சொல்லத் தெரியாமல் விழிக்கிறார். ஒரு மூடிய கதவுக்குப் பின்னால் உலகப் புதிர் இருக்கிறது என்று நம்பித் திறந்தால் ஒன்றுமே இல்லை. அந்த ‘ஒன்றுமில்லை’க்குப் பொருள் என்ன என்று இறையியல், தத்துவம், மருத்துவம், சட்டம் ஆகிய நான்கு துறைத் தலைவர்களும் சண்டை போடுகிறார்கள். நூலின் முன்குறிப்பில் மாந்தர்கள் பிளவுறுவார்கள், இரட்டிப்பார்கள், கரைவார்கள், மீண்டும் திரள்வார்கள் என்கிறார் ஆசிரியர். ‘மிஸ் ஜூலி’ முன்னுரையில் சொன்ன ஒட்டுத்துணி மனிதர்களின் தையல் இங்கே முழுதாகப் பிரிந்துவிட்டது.

அப்போதைய மேடைத் தொழில்நுட்பத்தால் இதைத் தாங்க முடியவில்லை. 1907 ஏப்ரலில் முதல் மேடையேற்றத்துக்காக ஜெர்மனியிலிருந்து படவீச்சுக் கருவி வரவழைத்தும் பயன்படவில்லை. கனமான காட்சியமைப்புகளால் கனவு கனவாகவே இல்லை என்று ஆசிரியர் மனம் நொந்தார்.

அதே ஆண்டு நவம்பரில் ஆகஸ்ட் ஃபால்க் என்ற இளம் நடிகருடன் சேர்ந்து 161 இருக்கைகள் கொண்ட ‘நெருக்க அரங்கு’ திறந்தார். ‘மிஸ் ஜூலி’ முன்னுரையில் கேட்ட சின்ன அரங்கு பத்தொன்பது ஆண்டு கழித்துக் கிடைத்தது. மது விற்பனை இல்லை, வசனம் எடுத்துக்கொடுப்பவர் இல்லை, இசைக்குழு இல்லை. அதற்கென எழுதிய நாடகங்களுக்கு இசைப்படைப்பு போல எண் இட்டார். அவற்றில் ‘பேய் சொனாட்டா’ இன்றும் நடுங்க வைக்கிறது. கௌரவமான வீட்டுக்குள் அலமாரியில் வாழும் கிழவி கிளிபோலப் பேசுகிறாள். சமையல்காரி உணவின் சாரத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டுச் சக்கையைப் பரிமாறுகிறாள். இருபது ஆண்டுகளாக அதே விருந்தில் அதே ஆட்கள் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அரங்கு 1910இல் மூடப்பட்டது.

கடைசி ஆண்டுகளில் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகள் மூலம் பன்னிரண்டாம் சார்ல்ஸ் மன்னரை வழிபடும் போக்கையும் இலக்கியப் பெரியவர்களையும் தாக்க, நாடே இரண்டுபட்டது. ஸ்வீடிஷ் அகாதமி அவருக்கு நோபல் பரிசு தரவே இல்லை. பதிலாக மக்கள் பணம் திரட்டினார்கள். சுமார் 45,000 குரோனர் சேர்ந்தது. 1912 ஜனவரி 22, அவரது 63ஆம் பிறந்தநாளில் தொழிலாளர்கள் தீவட்டி ஏந்தி அவர் வீட்டு முன் ஊர்வலம் போனார்கள். மே 14 அன்று வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார்.

பின்வந்தவர்கள் கடனை ஒப்புக்கொண்டார்கள். யூஜின் ஓநீல் 1936இல் நோபல் ஏற்புரையிலேயே அவர் பெயரைச் சொன்னார். ஆர்தோ 1928இல் பாரிஸில் ‘கனவு நாடக’த்தை மேடையேற்றினார். இங்மார் பெர்க்மன் வாழ்நாள் முழுக்க அதைத் திரும்பத் திரும்ப இயக்கினார். அவருடைய ‘ஃபேனியும் அலெக்ஸாண்டரும்’ திரைப்படம் அந்த நாடகத்தின் முன்குறிப்பை வாசிப்பதோடு முடிகிறது. இப்சனோ உயிரோடிருந்தபோதே ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் உருவப்படம் ஒன்றை வாங்கித் தன் எழுத்தறையில் மாட்டியிருந்தார். அந்தப் பித்தேறிய கண்கள் பார்த்துக்கொண்டிருந்தால் நன்றாக எழுத வருகிறதாம்.

புதிதாகப் படிக்க வருகிறவர்கள் பரபரப்பை எண்ணி ‘இன்ஃபெர்னோ’விலிருந்து தொடங்க வேண்டாம். ‘மிஸ் ஜூலி’யை அதன் முன்னுரையோடு முதலில் படியுங்கள், அடுத்த நூலாக நேரே ‘கனவு நாடக’த்தை எடுங்கள். இடையிலுள்ள பதின்மூன்று ஆண்டுகளில் மாறியது மேடைதான், கேள்வி மாறவில்லை என்பது தெரிந்துவிடும்.